நூலகத்தின் வாய்

அந்தப் பல்கலைக்கழகத்தின் மூளை பதிவாளர் மாளிகையின் மேல்மாடியில் இருந்தது. அதன் முகம், சாலையில் போவோர் வருவோர் எல்லாம் பார்க்கும்படி கண்ணாடிச் சுவர் எழுப்பிய நூலக வாசிப்புக் கூடம். வாய் மட்டும் அந்தக் கூடத்துக்கு அடியில், நிலவறையில் இருந்தது. அந்த வாயின் பெயர் கலியோவா.

நிலவறை அடுக்குகளின் மேற்பார்வையாளர் என்பது அவருடைய உத்தியோகப் பெயர். ஆனால் தலைவர்களுக்காகச் சபையில் பேசுகிற குலத்தில் பிறந்தவர் அவர். ஆகவே கடல் கடந்து விருந்தினர் வந்தாலும், புதிய துணைவேந்தர் பொறுப்பேற்றாலும், கீழே புத்தகவண்டி தள்ளிக்கொண்டிருக்கும் மனிதருக்கு மேலேயிருந்து ஆள் வரும். தூசி படிந்த சட்டையைக் கழற்றிவிட்டு, இடுப்பில் மரவுரி சுற்றிக்கொண்டு, திமிங்கலப் பல்லை இரு கைகளிலும் ஏந்தி அவர் பேசுவார். வந்தவர்கள் மெய்மறந்து கேட்பார்கள். பேச்சு முடிந்ததும் அவர்கள் விருந்துக்குப் போவார்கள்; வாய் நிலவறைக்குத் திரும்பும்.

அந்தத் திங்கட்கிழமையும் அப்படித்தான் ஆள் வந்தது. எந்த விருந்தினரோ என்று எண்ணிக்கொண்டே கலியோவா நூலகரின் அறைக்குள் நுழைந்தார். அங்கே அவருக்கு ஒரு நாற்காலி காட்டப்பட்டது. இத்தனை ஆண்டுகளில் அந்த அறையில் அவர் உட்கார்ந்ததே இல்லை. அப்போதே அவருக்குச் சந்தேகம் தட்டியது.

நூலகர் விமலேஷ் மேசைக்குப் பின்னால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரைக் கெட்டவர் என்று யாரும் சொன்னதில்லை. கெட்டது நடக்கும்போது கண்ணாடியைத் துடைப்பவர், அவ்வளவுதான். பக்கத்தில் துணைப் பதிவாளர் ஃபிலிமோனி சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நல்ல குடும்பம், நல்ல படிப்பு, நல்ல சிரிப்பு.

"வாங்க கலியோவா, வாங்க. நாளைக்கு உனைசியோட ஊருக்குப் போறோம். புலுபுலு செய்யப் போறோம். உங்களை விட்டா அங்க பேச யார் இருக்கா?" என்றார் ஃபிலிமோனி.

உனைசி என்ற பெயர் கேட்டதும் கலியோவா நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார். அவருக்குக் கீழே தினக்கூலிக்கு வேலை பார்த்தவள். இரண்டு குழந்தைகளுக்குத் தாய். இப்போது ரேவா ஆற்றங்கரை ஊரில், பெரியப்பன் வீட்டு உள்ளறையில், தலையணைகளை முதுகுக்கு முட்டுக்கொடுத்து உட்கார்ந்தபடியே தூங்குகிறவள். படுத்தால் மூச்சு நிற்கிறது.

"வியாழக்கிழமை அவ குடுத்த புகார் மேல தொழிலாளர் அலுவலகத்துல விசாரணை இருக்கே ஐயா?"

"அதனாலதான் செவ்வாய்க்கிழமை போறோம்" என்று ஃபிலிமோனி சிரித்தார்.

கலியோவாவுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. புலுபுலு என்றால் புதைப்பது. குற்றம் செய்தவன் திமிங்கலப் பல்லோடு போய், பாதிக்கப்பட்டவர் வீட்டுப் பாயின் ஓரத்தில் தலைகுனிந்து உட்கார வேண்டும். அவர்கள் பல்லை வாங்கிக்கொண்டால் பகை மண்ணுக்குள் போயிற்று. அதற்குப் பிறகு அதைத் தோண்டுகிறவன்தான் குற்றவாளி. வாங்காமல் திருப்பி அனுப்பவும் உரிமை உண்டு. அனுப்பிவிட்டால் புகார் நிற்கும், விசாரணை நடக்கும், நிலவறையின் பூட்டு அதிகாரிகள் முன்னால் திறக்கும்.

ஃபிலிமோனி ஒரு தாளை நீட்டினார். "சட்ட ஆலோசகர் எழுதிக் குடுத்தது. இதுக்கு மேல ஒரு வார்த்தை வேணாம்."

கலியோவா படித்தார். எதிர்பாராத வகையில் நேர்ந்த உடல்நலக் குறைவு குறித்துப் பல்கலைக்கழகக் குடும்பம் ஆழ்ந்த வருத்தம் கொள்கிறது என்று இருந்தது.

"இதுல குத்தம் எங்க இருக்கு?"

"குத்தமா? யாரு செஞ்சா?" என்றார் ஃபிலிமோனி. சிரிப்பு மாறவே இல்லை.

"குத்தத்தைப் பேர் சொல்லாம புலுபுலு செய்ய முடியாதுங்க. உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும், தெரியும். வருத்தம்னு இருக்கில்ல, அது போதும். ஊர்க்காரங்க உங்க குரலைக் கேப்பாங்க. தாளையா கேக்கப் போறாங்க?"

விமலேஷ் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "கலியோவா, எனக்கும் மனசு கேக்கலப்பா. ஆனா மேல முடிவு பண்ணிட்டாங்க."

மேலே முடிவு செய்வார்கள், கீழே மூச்சு வாங்கும். அந்த நூலகம் இயங்கிய விதமே அதுதான்.

மின்சாரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்று மேல்மாடியில் ஒரு கட்டளை பிறந்தது. வாசிப்புக் கூடத்துக் குளிர்சாதனத்தில் யாரும் கை வைக்கவில்லை. அங்கே மாணவர்கள் இருந்தார்கள், மாணவர்களின் பெற்றோர் வந்தார்கள், படம் எடுப்பவர்கள் வந்தார்கள். நிலவறையின் குளிர்சாதனத்தையும் ஈரம் உறிஞ்சும் இயந்திரங்களையும்தான் மாலையில் அணைத்தார்கள். வார இறுதியில் அறவே அணைத்தார்கள். தீவுத் தலைநகரான சுவாவில் மழை என்பது வந்து போகிற விருந்தாளி அல்ல, வீட்டோடு இருக்கிற ஆள். சுவர் வியர்த்தது. தரை வியர்த்தது. புத்தக முதுகுகளில் வெள்ளையாய் ஒரு பொடி பூத்தது, பொடி பச்சையாயிற்று, பச்சை கறுத்தது. தீவுகளின் பழைய வரலாறெல்லாம், பாதிரிகள் எழுதியது முதல் மக்கள் சொல்லிப் பதிவானது வரை, பூஞ்சணத்தின் வாயில் கிடந்தது.

கலியோவா மாடிப்படி ஏறிப் போய்ச் சொன்னார். விமலேஷ் கண்ணாடியைத் துடைத்தார். மறுபடி போய்ச் சொன்னார். "மேல சொல்றேன்" என்றார். அதற்குள், புதிய கட்டடத்துக்கு நிதி தரும் அயல்நாட்டார் நிலவறையைப் பார்வையிட வருகிறார்கள் என்ற செய்தி வந்தது. அவ்வளவுதான், எல்லாருக்கும் கை கால் முளைத்தது. துடையுங்கள் என்றார்கள். கலியோவாவின் தினக்கூலிப் பெண்களுக்கு ஆளுக்கொரு துணியும், ஒரு வாளியும், கடையில் கட்டுக்கட்டாகக் கிடைக்கும் காகித முகமூடியும் கொடுத்தார்கள். பூஞ்சணத்தை உலர்ந்த துணியால் துடைத்தால் அது போகாது, பறக்கும். பறந்தது. உனைசிக்குச் சிறு வயதிலிருந்தே இழுப்பு உண்டு. "மோமோ, எனக்கு மட்டும் மேல வேலை போடுங்களேன்" என்று தாய்மாமனை அழைக்கும் சொல்லால் அழைத்துக் கேட்டாள். கலியோவா அதையும் மேலே போய்ச் சொன்னார். வேலை வேண்டாம் என்றால் வீட்டில் இருக்கட்டும் என்று பதில் வந்தது. அவள் வீட்டில் இருக்கவில்லை. இருந்தால் அடுப்பு எரியாது. பிறகு ஒருநாள் அவள் இருமித் துப்பியதில் வாளித் தண்ணீர் சிவந்தது. பூஞ்சணம் நுரையீரலுக்குள்ளேயே வேர் விட்டிருக்கிறது என்றார் மருத்துவர்.

விருந்தினர் வந்து பார்த்து, சுத்தமாக இருக்கிறது என்று பாராட்டிவிட்டுப் போனார்கள். குளிர்சாதனம் மறுபடி மாலையில் அணைந்தது. மற்ற பெண்கள் இன்றும் கீழே துடைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு கலியோவா, புதுப் புத்தகங்களுக்கு முத்திரை குத்தி எண் ஒட்டும் பின்னறை வழியாகத் திரும்பினார். அங்கே இந்திய வம்சாவளியைச் சேர்ந்த சுருஜ்வதி பசைக்குச்சியும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். நூலகத்தில் எவருக்கும் பயப்படாத நாக்கு அவளுடையது.

"என்ன அண்ணே, மேல நாற்காலியெல்லாம் போட்டாங்களாமே? சாமி வரம் குடுக்கப் போகுதா, காவு கேக்கப் போகுதா?"

கலியோவா சொன்னார். சுருஜ்வதி பசைக்குச்சியைக் கீழே வைத்தாள்.

"போகாதீங்க. காய்ச்சல்னு படுத்துக்கங்க. வயித்தால போகுதுன்னு சொல்லுங்க. அதை யாரும் வந்து சோதிச்சுப் பாக்க மாட்டாங்க."

"நான் போகலைன்னா வேற ஒருத்தனைப் புடிப்பாங்கம்மா. அவன் இந்தத் தாளைப் படிப்பான்."

"நீங்க என்ன, பாட்டா பாடப் போறீங்க?"

கலியோவா கதவைச் சாத்திவிட்டு வந்தார். "நடந்ததைச் சொல்லப் போறேன். ஒண்ணு விடாம. குளிர்சாதனத்தை அணைச்சதை, நான் போய்ச் சொன்னதை, அவ கேட்டதை, எல்லாத்தையும். இவங்க முன்னாலயே சொல்லப் போறேன். அதைக் கேட்டப்புறம் எந்தப் பெரியப்பன் பல்லைக் கையில வாங்குவான்? ரத்தம் கொதிக்கும்ல? திருப்பி அனுப்பிடுவான். வியாழக்கிழமை விசாரணை நடக்கும்."

சுருஜ்வதி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்க ஆளுங்க கணக்கு எனக்குப் புரியல அண்ணே. எங்க வீட்டுல தப்பை ஒத்துக்கிட்டா அடி விழும். உங்க வீட்டுல என்ன விழும்னு நல்லா யோசிச்சுட்டுப் போங்க."

"அடியே விழட்டும். அதைத்தான் நானும் கேக்கப் போறேன்."

சபையில் உண்மையை முழுதாகச் சொன்னால் சபை நீதியின் பக்கம் திரும்பும் என்று அவர் நம்பினார். பேசத் தெரிந்தவர்களுக்கே உரிய மயக்கம் அது.

மறுநாள் காலை பல்கலைக்கழகத்தின் வண்டி நௌசோரி கடந்து, கரும்பச்சை மரவள்ளித் தோட்டங்களுக்கிடையே மண்பாதையில் இறங்கியது. பின் இருக்கையில் சடங்கில் கரைத்துக் குடிக்கும் யங்கோனா வேர்க்கட்டும், துணியில் சுற்றிய திமிங்கலப் பல்லும் இருந்தன. விமலேஷ் வழக்கமில்லாத வேட்டியை நொடிக்கொருதரம் இழுத்து விட்டுக்கொண்டார்.

வீட்டுக்குள் பாய் விரித்திருந்தது. நடுவில் உனைசியின் பெரியப்பன் இசிகேலி, குடும்பத்தின் மூத்தவர், முழங்கால் வாதத்தால் ஒரு காலை நீட்டியபடி அமர்ந்திருந்தார். இரு பக்கமும் உறவுமுறை ஆண்கள். உள்ளறைக்குத் திரை தொங்கியது. திரைக்குப் பின்னால் இருமல் கேட்டது. இருமி முடித்து மூச்சை இழுக்கிற சத்தம் அதைவிட மோசமாகக் கேட்டது. ஒரு பெண் குரல் குழந்தைகளைத் தோட்டத்துக்குப் போகச் சொல்லி அதட்டியது.

வந்தவர்கள் வாசலோரம் பாயின் கடைசி விளிம்பில் குந்தினார்கள். கலியோவா பல்லை ஏந்தித் தலை தாழ்த்தினார். ஃபிலிமோனி பக்கத்தில் மெல்லக் கனைத்தார். தாளை நினைவூட்டும் கனைப்பு.

கலியோவா தாளை எடுக்கவில்லை.

"இந்த வீட்டுப் பெரியவங்களே, உங்க பாயோட ஓரத்துல உக்காரக்கூட எங்களுக்குத் தகுதியில்ல. நோய் வந்துச்சு, வருத்தப்படுறோம்னு சொல்ல நாங்க வரல. நோய் தானா வரல. நாங்க கொண்டுவந்து குடுத்தோம். நாலு பேர் பாக்கிற இடத்துக்குக் குளிர்ச்சி குடுத்தோம், உங்க பொண்ணு நின்ன இடத்துல அணைச்சோம். பூஞ்சணம் பூத்துச்சு. பூத்திருக்குன்னு சொன்னேன், நான்தான் சொன்னேன், எங்க மேலவங்க கேட்டாங்க, கேட்டுட்டுச் சும்மா இருந்தாங்க. விருந்தாளி வர்றான்னதும் உங்க பொண்ணு கையில துணியைக் குடுத்தோம். எனக்கு இழுப்பு இருக்கு, என்னை விட்டுடுங்கன்னு அவ கேட்டா. வேணாம்னா வீட்டுக்குப் போன்னு சொன்னோம். அவ போயிருந்தா புள்ளைங்க பட்டினி. அது எங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் சொன்னோம். புத்தகம் போனா இன்னொரு நூலகத்துல கேட்டு வாங்கலாம். இந்தப் பொண்ணோட மூச்சை எந்த ஊர்ல போய் நாங்க இரவல் வாங்குவோம்? இது விபத்தில்ல. குத்தம். எங்க குத்தம். இன்னிக்கும் அங்க மத்த பொண்ணுங்க அதே காத்தைத்தான் குடிக்கிறாங்க. அந்தக் குத்தத்தை இந்தப் பல்லுக்குக் கீழ வெச்சு உங்க முன்னால போடுறோம்."

ஃபிலிமோனியின் முகம் இரத்தமின்றி வெளுத்திருந்தது. விமலேஷ் அழுதுகொண்டிருந்தார், உண்மையாகவே அழுதார். உறவுக்காரர்களில் ஓர் இளைஞன் பாயை முஷ்டியால் குத்தினான். கலியோவா குனிந்த தலையோடு காத்திருந்தார். வெடிக்கட்டும். பல்லைத் தூக்கி வாசலில் எறியட்டும். எறி, எறி என்று அவர் உள்ளம் அடித்துக்கொண்டது.

இசிகேலி எழவில்லை. வாதக்காலை இழுத்துக்கொண்டு, பாயின் மீதே நகர்ந்து நகர்ந்து வந்தார். கலியோவாவின் முன்னால் வந்ததும் இரு கைகளையும் நீட்டினார். நீட்டி, பல்லை வாங்கிக்கொண்டார். நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அவர் வாய் ஏற்பின் சொற்களை முணுமுணுத்தது. இரு பக்கமும் இருந்த ஆண்கள் உள்ளங்கை குவித்து ஆழமாய்க் கைதட்டினார்கள். பாயைக் குத்திய இளைஞனும் தட்டினான்.

முடிந்தது. புதைத்தாயிற்று.

யங்கோனா கரைக்க ஆள் எழுந்தபோது கலியோவா இசிகேலியின் கையைப் பற்றினார். "அண்ணே, ஏன் வாங்கினீங்க? நான் சொன்னது கேக்கலையா?"

"கேட்டதாலதான் தம்பி வாங்கினேன்." பெரியவரின் கண்களிலிருந்து நீர் தாடைக்கு இறங்கிக்கொண்டிருந்தது. "வெறும் வருத்தத்தைத் தூக்கிட்டு வருவீங்க, மூஞ்சில விட்டெறியணும்னு ராத்திரியெல்லாம் காத்துக்கிட்டிருந்தேன். உனைசிகிட்டயும் சொல்லி வெச்சிருந்தேன். நீ வந்து மொத்தத்தையும் ஒத்துக்கிட்டியே. இப்படித் தலைகுனிஞ்சு உண்மையச் சொல்றவன் பல்லை எந்த மனுசன் திருப்பி அனுப்புவான்? எங்க அப்பன் அனுப்பியிருப்பானா? நாளைக்கு ஊர் என் மூஞ்சில முழிக்குமா?"

கலியோவா அவர் கையை விட்டார். தாளைப் படித்திருந்தால் உனைசியின் புகார் பிழைத்திருக்கும். பொய் அவளைக் காப்பாற்றியிருக்கும்; உண்மை அவளை விற்றுவிட்டது. உண்மையின் குற்றமா அது? அல்ல. காயம் பட்டவளைத் திரைக்குப் பின்னால் உட்கார வைத்துவிட்டு, காயம் படாத ஆண்கள் பாயில் அமர்ந்து மன்னிப்பைக் கொடுத்து வாங்கும் ஏற்பாட்டின் குற்றம். பெரியவருக்குப் பெருந்தன்மை உண்டு. சபைக்குக் கண்ணீர் உண்டு. இருமுகிறவளுக்கு அங்கே ஒரு பாயின் மூலைகூட இல்லை. இதை நேற்றுவரை கலியோவா கண்டதில்லை. எத்தனையோ வீடுகளில் இதே பாயில் பேசியவர், ஒருமுறைகூட எந்தத் திரையையும் விலக்கிப் பார்த்ததில்லை.

ஃபிலிமோனிக்கு முகத்தில் இரத்தம் திரும்பியிருந்தது. மடித்த தாள் ஒன்றும் பேனாவும் எடுத்துக்கொண்டு, இசிகேலியிடம் பணிவாகக் கேட்டுவிட்டுத் திரைக்குள் போனார். கலியோவாவும் பின்னால் நுழைந்தார்.

உனைசி சுவரில் சாய்ந்திருந்தாள். கழுத்தெலும்புகளுக்கிடையே ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு குழி விழுந்தது.

"புகாரைத் திரும்ப வாங்கிக்கிறேன்னு ஒரு கையெழுத்தும்மா. பெரியப்பா சரின்னுட்டாரு" என்றார் ஃபிலிமோனி.

அவள் அவரைப் பார்க்கவில்லை. கலியோவாவைப் பார்த்தாள். "நல்லா பேசுனீங்க மோமோ." மூச்சுக்கு நிறுத்தினாள். "நான் கூட அழுதுட்டேன்."

"உனைசி, கையெழுத்துப் போடாத. புகார் உன்னுது."

ஃபிலிமோனி திரும்பிப் பார்த்தார். பார்வையில் சிரிப்பு இல்லை.

"சுருஜ்வதி அக்கா போன் பண்ணி அந்தத் தாளைப் பத்திச் சொல்லுச்சு. நீங்க அதை மட்டும் படிச்சிருந்தா..." உனைசி இருமினாள். வாயைத் துடைத்துக்கொண்டாள். "போடலைன்னா எங்க போவேன்? இது அவர் கூரை. என் புள்ளைங்க அவர் தட்டுல சாப்புடுதுங்க. அவர் வாங்கின பல்லை நான் மீறினா, இந்த வீட்டுல யார் எனக்குத் தண்ணி குடுப்பாங்க?" பேனாவை வாங்கினாள். "மன்னிச்சது பெரியப்பா. இருமுறது நான். ரெண்டும் ஒரே வீட்டுலதான நடக்குது, கணக்கு சரியாப் போச்சு."

கையெழுத்துப் போட்டாள். எழுத்து கோணியது. பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது, "மூடியைப் போட்டுக்கங்க சார், சட்டையில மை படும்" என்றாள்.

திரும்பும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. முன் இருக்கையிலிருந்து ஃபிலிமோனி உற்சாகமாகத் திரும்பினார்.

"உண்மையச் சொல்லட்டுமா? நீங்க ஆரம்பிச்சதும், இவரு நம்மளைக் கவுக்குறாருன்னு நெனச்சேன். அப்புறம் பெரியவர் மூஞ்சியப் பாத்தேன். அடடா! சட்ட ஆலோசகருக்கு என்ன தெரியும்? அவருக்குச் சட்டம்தான் தெரியும். நம்ம ஜனங்களை உங்களுக்குத்தான் தெரியும்."

"ஐயா, நான் அதுக்காகப் பேசல."

"எதுக்காகப் பேசுனா என்ன? லாட்டோகா கிளையில ஒருத்தன் ஏணியில இருந்து விழுந்து இடுப்பொடிஞ்சு கெடக்கான். அங்கயும் நீங்களே வந்து இதே மாதிரி பேசிடுங்க. தாளே வேணாம்."

விமலேஷ் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வியாழக்கிழமை காலை அவர் நூலகத்துக்குப் போகவில்லை. விசாரணைக்குக் குறித்த நேரத்தில் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனார். நீண்ட பெஞ்சில் காத்திருந்து, அழைத்ததும் உள்ளே நுழைந்தார். விசாரணை அதிகாரி அபாகூக்கி அவரை அடையாளம் கண்டு எழுந்தே நின்றுவிட்டார்.

"நீங்களா? உக்காருங்க ஐயா. உங்க பேச்சைப் பத்தி ரேவா முழுக்க ஒரே பேச்சு. என் மச்சான் அங்கதான் உக்காந்திருந்தான். கல்லும் கரையுமாம்ல!"

"விசாரணைக்கு வந்தேன்."

"எந்த விசாரணை? அந்தப் பொண்ணு வாபஸ் வாங்கிட்டா. புலுபுலு முடிஞ்ச விசயத்துல நாங்க கை வைக்கிறதில்ல."

"நான் சபையில சொன்னேனே, குத்தம்னு ஒத்துக்கிட்டேனே. பல்கலைக்கழகத்து ஆளுங்க பக்கத்துலயே உக்காந்து கேட்டாங்க. அது சாட்சி இல்லையா?"

"சடங்குல சொன்னது சடங்கோட போச்சு. அதை இங்க கொண்டாந்தா அப்புறம் எவன் மனசு விட்டு மன்னிப்புக் கேப்பான்?"

"சரி. என் பேர்ல புகார் எழுதிக்கங்க. நானும் அதே காத்தைத்தான் குடிச்சேன்."

அபாகூக்கி அவரை இரக்கத்தோடு பார்த்தார். "அந்தப் பல்லை யார் சார்பா தூக்கினீங்க?"

"பல்கலைக்கழகத்து சார்பா."

"அப்ப நீங்க அவங்க வாய். வாயே வயித்து மேல புகார் குடுத்தா நான் என்னன்னு எழுதுறது? போங்க ஐயா. பேரைக் கெடுத்துக்காதீங்க. உங்க குலத்துல எவனும் தான் வெச்ச பல்லைத் தானே தோண்டினதில்ல."

"கீழ இன்னும் பொண்ணுங்க துடைச்சுக்கிட்டிருக்காங்க."

"அவங்களுக்கு ஏதாவது ஆச்சா?"

"இன்னும் ஆகல."

"அப்புறம் என்ன?"

"ஆகட்டும்னு காத்திருக்கீங்களா? ஆனதும் நானே இன்னொரு பல்லைத் தூக்கிட்டுப் போவேன், அவங்க வீட்டுலயும் அழுவாங்க, நீங்களும் என் பேச்சைப் புகழுவீங்க. அதுதானே?"

அதிகாரி மேசை மணியைத் தட்டினார். வெளியே பெஞ்சில் இருந்த அடுத்த ஆள் கதவருகே வந்து நின்றான். கலியோவா நாற்காலியை விட்டு எழவில்லை.

"ஐயா, மரியாதைக்குச் சொல்றேன்."

கலியோவாவின் குரலில் இப்போது சபையின் ஏற்ற இறக்கம் ஏதும் இல்லை. கடைத்தெருவில் முகவரி சொல்வதுபோல் ஒரே சீராகப் பேசினார். "எழுதுங்க. லோசலினி, வயித்துல புள்ளையோட இருக்கா. மகெரெத்தா. கீதாஞ்சலி, போன வாரத்துல இருந்து இருமுறா. வேனியானா. எழுதுங்க."

அதிகாரி பேனாவை மூடி மேசை இழுப்பறைக்குள் வைத்தார்.

"எழுதுங்க" என்றார் கலியோவா. மறுபடியும் முதல் பெயரிலிருந்து தொடங்கினார். கதவருகே நின்றவன் உள்ளே வரலாமா போகலாமா என்று தெரியாமல் நிலைப்படியிலேயே நின்றான். அறையில் இருந்தவர்களில் அந்தப் பெயர்களைக் காதில் வாங்கியவன் அவன் ஒருவன்தான்.